நாடி பார்த்த பின் மருந்து

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மக்கள் நல்வாழ்வு அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தலைமையாசிரியர் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, கரும்பலகையின் முன் நின்றே காலம் கழித்தவன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கையிலிருக்கும் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தறிவதும், படித்ததை எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதைக் கேள்வியாகக் கேட்பதும் கல்வியின் பாற்பட்டவை அல்லவா? அந்த உரிமையின் பேரில்தான் பேசுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட மருந்து உங்களுக்குப் புதியதன்று. மருந்துக் கடைகளில் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘625’ என்று எண்ணைச் சொல்லியே வாங்கப்படும் மாத்திரை அது. பல்வலியால் கன்னம் வீங்கினாலும், காலில் முள் குத்திப் புண் சீழ் வைத்தாலும், குழந்தைக்குச் சளி பிடித்தாலும், காய்ச்சல் இரண்டாம் நாள் நீடித்தாலும், அந்த எண்ணைச் சொல்லி இரண்டு மாத்திரைகளை வெட்டி வாங்கி வருகிறோம். அதன் உண்மைப் பெயர் அமாக்சிசிலின் - கிளாவுலானிக் அமிலம் என்பது. ஆக்மென்டின், கிளாவம் எனப் பல விற்பனைப் பெயர்களில் அது கிடைக்கிறது. இரண்டு பொருள்கள் சேர்ந்த கூட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. இதனை எவ்வாறு தீங்கின்றிப் பயன்படுத்துவது என்பதே என் தலைப்பு. ஆனால் மருந்துக்குப் போகுமுன், ஒரு வரலாற்று நிகழ்ச்சியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1929ஆம் ஆண்டு. கத்தியவாரில் தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தில் பிறந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி பிள்ளை பெற்ற சில நாள்களில் நோயுற்று, மூச்சுவிட இயலாமல் தவித்தார். ஆசிரியர் மருத்துவரிடம் ஓடினார். தீண்டத்தகாதவர் குடியிருப்புக்குள் வர மருத்துவர் மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் பரிந்துரை பெற்று, கட்டணத்திற்கும் உறுதி சொன்ன பின்னரே அவர் வந்தார். அப்போதும் நோயாளியை வீட்டுக்கு வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை அவர் தம் கையால் நோயாளியிடம் தரவில்லை, அது ஒரு முஸ்லிம் அன்பரின் கை வழியாக ஆசிரியரிடம் சென்று, அவர் வழியாக நோயாளியை அடைந்தது, திரும்பியதும் அவ்வாறே. தொட்டுப் பாராமலே நிமோனியா என்றார் மருத்துவர். திரும்பிச் சென்று மருந்தை அனுப்பிவைத்தவர் மறுபடி நோயாளியைப் பார்க்க மறுத்துவிட்டார். அந்த அம்மையார் இறந்தார். அந்த ஆசிரியரின் கடிதம் அவ்வாண்டு டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. அதனை அண்ணல் அம்பேத்கர் தம் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நினைவுக் குறிப்பில் எடுத்தாண்டார். அண்ணல் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1990ஆம் ஆண்டில் அக்குறிப்பைச் சிறு நூலாக வெளியிட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் மனவருத்தத்திற்காக நினைவூட்டவில்லை. இன்னொரு செய்தியோடு சேர்த்துப் பாருங்கள். அதே 1929ஆம் ஆண்டில்தான் இலண்டன் நகரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பவர், பூஞ்சைக் காளானிலிருந்து கிடைத்த பெனிசிலின் என்ற பொருள் பாக்டீரியாக்களை அழிப்பதைப் பற்றிய தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். ஆனால் அது நோயாளிக்குக் கொடுக்கத்தக்க மருந்தாக உருவாக மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே அந்த அம்மையாருக்கு அன்று இரண்டும் கிட்டவில்லை. மருந்து உலகில் எவர்க்குமே கிட்டவில்லை. மருத்துவரின் கையோ, மற்றவர்க்குக் கிட்டியது. அவருக்கு மட்டும் மறுக்கப்பட்டது.

இன்று நிலைமை என்ன? மருந்து நம் தெருமுனைக்கே வந்துவிட்டது. மருத்துவரின் கையும், போராடியும் படித்தும் சட்டத்தின் துணையாலும், நமக்கு உரிமையாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் எவரும் நம்மை வெளியே கிடத்தி வெப்பமானியைக் கைமாற்றித் தர முடியாது. நம் பிள்ளைகளே மருத்துவர்களாக அங்கு அமர்ந்திருக்கிறார்கள். இப்படிக் கிடைத்த உரிமையை நாமே கைவிட்டு, நாடி பார்க்கும் கையை விலக்கிவிட்டு, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். முன்னோர்க்கு மறுக்கப்பட்டதை நாம் நமக்கே மறுத்துக்கொள்ளலாமா? நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். மருந்து என்பது மருத்துவத்தில் காற்பங்கே என்பது அதன் பொருள். காற்பங்கை விலைக்கு வாங்கி முழுப்பங்கும் வாங்கிவிட்டதாக எண்ணுவது கணக்குப் பிழை.

நிற்க. இனி அந்தக் கூட்டு மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். அது தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சுவரில்லாத மண்குடிசை மழையில் கரைவதுபோலப் பாக்டீரியா அழிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் அவற்றை இம்மருந்து அவ்வாறு தாக்குவதில்லை.

ஆனால் பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பெனிசிலினை வெட்டி வீழ்த்தும் ஒரு நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. 1940ஆம் ஆண்டிலேயே, அதாவது பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வந்து சேருமுன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர்கள் இந்த நொதியைக் கண்டறிந்து எழுதினார்கள். பகைவன் கவசம் அணிந்துகொண்டு காத்திருந்தான் என்று சொல்லலாம். இந்த நொதிக்கு மாற்றுத் தேடியவர்கள் 1970களில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிளாவுலானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இந்த அமிலம் தானாகப் பாக்டீரியாவைக் கொல்லும் வலிமை பெரிதும் அற்றது. ஆனால் வெட்டவரும் நொதியோடு கட்டிப் புரண்டு, அதனைச் செயலற்றதாக்கித் தானும் மாய்கிறது. அந்த இடைவேளையில் அமாக்சிசிலின் தன் வேலையை முடித்துவிடுகிறது. கதிர் அறுப்பவர் ஒருவர். அவர் காலடியில் வரும் பாம்பைத் தடியால் தடுப்பவர் மற்றொருவர். இருவரும் சேர்ந்தால்தான் அறுவடை. 1981ஆம் ஆண்டில் பிரிட்டனில் இக்கூட்டு மருந்து விற்பனைக்கு வந்தது.

இதிலிருந்து முதற்பாடம் விளங்கும். இம்மருந்து பாக்டீரியாவோடு போரிடப் பிறந்தது. வைரஸ் என்னும் நச்சுயிருக்கு அத்தகைய சுவரே கிடையாது. சாதாரணச் சளி, ஃபுளு, டெங்கு, சிக்குன்குனியா, தட்டம்மை ஆகியவை வைரஸால் வருபவை. இவற்றுக்கு ‘625’ விழுங்குவது, இல்லாத சுவரை இடிக்க ஆள் அனுப்புவது போன்றது. மூன்று நாளில் சளி குறைந்தால் அது மாத்திரையால் குறைந்ததன்று. தானே குறையும் காலம் வந்ததால் குறைந்தது. டெங்குக் காய்ச்சலில் இதனை நம்பிக் காத்திருப்பதோ பேராபத்து. ஏனெனில் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனை தள்ளிப்போகிறது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும் கடை மாத்திரை விடையன்று. சளிப் பரிசோதனை செய்து காசநோய் உண்டா இல்லையா என்று பார்த்தாக வேண்டும். எந்தக் காய்ச்சல் எவ்வகை என்று கண்டறிவது மருத்துவரின் கண்ணும் கையும் பரிசோதனைக் கூடமும் செய்யும் வேலை. கடையில் நிற்பவர் எத்துணை நல்லவராயினும் அவரால் இயலாது.

நாய்க்கடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விலங்குக் கடியால் வரும் பாக்டீரியாத் தொற்றைத் தடுக்க மருத்துவர்கள் இக்கூட்டு மருந்தை எழுதுவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை நாய் கடித்தால் இம்மாத்திரையே போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வெறிநாய்க்கடி நோய் வைரஸால் வருவது; அதை எந்த ஆன்டிபயாடிக்கும் தடுக்காது; வந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லும் நாள்களில் எல்லாம் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். மாத்திரை அதற்கு ஈடாகாது.

இரண்டாவது பாடம், யார் இதனை உண்ணலாகாது என்பது. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் சிலர் உண்டு. முன்பு பெனிசிலின் ஊசியாலோ அமாக்சிசிலினாலோ உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாம் ஒரே குடும்பம். முன்பு இம்மருந்தை உண்டு மஞ்சள் காமாலை வந்தவர்கள் மீண்டும் உண்ணக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்கள், மூட்டு நோய்க்காக மெத்தோட்ரெக்சேட் உண்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் தம் நிலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் கேட்கவில்லையே என்று வாளாவிருப்பது தகாது. கேளாமலே சொல்லும் உரிமை நமக்குண்டு.

மூன்றாவது, அளவு. கணக்கு ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். ‘625’ என்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. ‘375’ என்பதில் அமாக்சிசிலின் 250. அமிலமோ அதே 125. பெரிய மாத்திரை இல்லையென்று சிறியதை இரண்டாக விழுங்கினால், அமாக்சிசிலின் சரியாக வரும். அமிலம் 250 ஆகி இருமடங்காகிவிடும். வயிற்றுப் போக்கும் குமட்டலும் மிகும். ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுக்கொள்வதும், பெரியவர் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதும் கூடாது. ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வாங்கி இரண்டையும் உண்பதும் நடக்கிறது. பெரிய எழுத்தில் உள்ள விற்பனைப் பெயரை விட்டு, அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். எழுத்தறிவின் பயன் இதுபோன்ற இடத்தில்தான் தெரியும்.

நான்காவது, உண்ணும் முறை. உணவு உண்ணத் தொடங்கும் வேளையில் மாத்திரையை விழுங்குவது நல்லது; வயிற்று உபத்திரவம் குறையும், மருந்தும் நன்கு சேரும். மருத்துவர் சொன்ன இடைவெளி மாறாமல் உண்ண வேண்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் உண்ணலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும்; இரண்டையும் சேர்த்து விழுங்கலாகாது. மாத்திரையை அட்டையிலிருந்து உரித்துத் தகர டப்பாவிலோ முந்தானை முடிச்சிலோ வைக்கக் கூடாது. கிளாவுலானிக் அமிலம் ஈரம் தாங்காது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் நம் மாவட்டத்தில் உரித்த மாத்திரை விரைவில் கெட்டுவிடும்.

குழந்தைகளுக்கான மருந்து தூளாக வரும். கொதித்து ஆறிய நீரைப் புட்டியின் குறிவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கரைத்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பெரும்பாலும் ஏழு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லையென்றால் அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. “ஐயா, எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை” என்று சொன்னால், நீரில் கரையும் மாத்திரை போன்ற வேறு வழியை மருத்துவர் சொல்வார். அளப்பதற்குப் புட்டியோடு வரும் மூடியையோ அளவுக் கரண்டியையோ பயன்படுத்துங்கள். சமையற்கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு.

ஐந்தாவது, எச்சரிக்கைக் குறிகள். இலேசான வயிற்றுப் போக்கு இம்மருந்தில் அடிக்கடி வருவதே. ஆனால் நீராய்ப் பலமுறை போனாலும், இரத்தம் கலந்து போனாலும் மருத்துவரைக் காண வேண்டும். உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது முக வீக்கம், மூச்சு இழுப்பு ஆகியவை கண்டால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், உடல் அரிப்பு ஆகியவை கல்லீரல் பாதிப்பின் குறிகள். இவை மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் சென்ற பின்னும் தோன்றலாம். வயது முதிர்ந்த ஆண்களிடம் அதிகம் காணப்படுகின்றன. அப்போது மருத்துவரிடம் “இன்ன மாதம் இன்ன மாத்திரை உண்டேன்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாமல் உண்டவர் எப்படிச் சொல்வார்?

இனி, எத்தனை நாள் என்ற கேள்வி. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. விருந்துக்கு அது பொருந்தும். ஆன்டிபயாடிக் மருந்துக்குப் பழமொழி நாள் குறிக்க இயலாது. காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போய்விட்டு, மிச்ச மாத்திரையை அடுத்தவர்க்கென்று பத்திரப்படுத்துவது நம்மிடையே பெருவழக்கு. அதே சமயம், அதிக நாள் உண்டால் அதிக நன்மை என்பதும் உண்மையன்று. பல நோய்களுக்கு முன்பு எண்ணியதைவிடக் குறைந்த நாள்களே போதும் என்று இன்றைய மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்து நாள் என்று மருத்துவர் சொன்னால் ஐந்து. ஏழு என்றால் ஏழு. குறைப்பதாயினும் கூட்டுவதாயினும் அவர் வாயால் வர வேண்டும். இடையில் ஒவ்வாமை கண்டால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே அவரிடம் செல்ல வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மாத்திரை என் காசு, உடம்பு என் உடம்பு என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் செய்தி தனி மனிதரைக் கடந்து ஊர்ச் செய்தியாகிறது. அளவு குறைந்த மருந்திலும், தேவையின்றி உண்ட மருந்திலும் பிழைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் பெருகி, மருந்துக்கு அடங்காத இனமாகிவிடுகின்றன. அவை அடுத்த வீட்டுக்கும் அடுத்த படுக்கைக்கும் பரவுகின்றன. ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, கடையில் யாரும் பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் உண்ணும் காலம் வரக்கூடும். அன்று பாக்டீரியா பயிற்சி பெற்றுவிடும் என்ற கருத்துப்பட எச்சரித்தார். அந்தக் காலம் வந்துவிட்டது. 2008இல் புதுதில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்த ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம், மிக வலிய மருந்துகளையும் வெட்டி வீழ்த்தும் புதுவகை நொதி கண்டறியப்பட்டது. அதற்கு ‘என்.டி.எம்.-1’ என்று பெயரிட்டனர். 2010இல் வெளிவந்த ஆய்வு நம் சென்னையிலும் அரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் அது இருப்பதைக் காட்டியது. கிளாவுலானிக் அமிலம் இந்த நொதியிடம் செல்லாக்காசு. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றினால் நேரடியாக மாண்டதாக 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

எளிய மாத்திரை தோற்றால் என்ன நடக்கும்? வசதி உள்ளவர் பெரிய மருத்துவமனையில் படுத்து, விலை உயர்ந்த ஊசி மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்வார். வயலில் நாற்று நடுபவர், ரப்பர் பால் வெட்டுபவர், செங்கல் சூளையில் மண் மிதிப்பவர், சாக்கடையில் இறங்கும் தூய்மைப் பணியாளர் ஆகியோரே முள்ளுக்கும் கத்திக்கும் அழுக்கு நீருக்கும் நாள்தோறும் உடலைக் கொடுப்பவர்கள். அவர்களுக்கு எளிய மாத்திரை வேலை செய்தாக வேண்டும். அது பழுதுபட்டால் முதலில் கெடுவது நம் குடி. ஆகவே மருந்தின் வலிமையைக் காப்பது பிறர்க்குச் செய்யும் தருமமன்று. நம் உடைமையைக் காப்பது.

நாட்டிலும் இதற்கான முயற்சிகள் நடந்துள்ளன. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற திட்டத்தை வகுத்தார்கள். வலிய ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றின் விற்பனையைப் பதிவேட்டில் எழுதும் விதி 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் நடுவண் அரசு ‘சிவப்புக் கோடு’ இயக்கத்தைத் தொடங்கியது. மாத்திரை அட்டையின் ஓரத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை உண்ணக்கூடாது என்பது பொருள். எழுத்தறியாத பாட்டியும் அந்தக் கோட்டை அறிந்துகொள்ளலாம். நம் எல்லைக்கப்பால் கேரளத்தில் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைக் கண்டறிய 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற சோதனை நடவடிக்கை தொடங்கப்பட்டது. சட்டம் கடைக்காரரைப் பிடிக்கும். வாங்கப் போகும் நம் காலைப் பிடித்து நிறுத்துவது அறிவு ஒன்றே.

கூட்டு மருந்து என்றாலே இரட்டிப்பு வலிமை என்ற மயக்கமும் வேண்டா. அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்வதற்குத் தக்க காரணம் உண்டு. உலக நல்வாழ்வு நிறுவனம் அதனை முதல்நிலையில் பயன்படுத்தத்தக்க மருந்துகளின் வரிசையில் வைத்துள்ளது. ஆனால் காரணமின்றி இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் வழக்கமும் நம் நாட்டில் வளர்ந்தது. 2016இல் 344 கூட்டு மருந்துகளுக்கு நடுவண் அரசு தடை விதித்தது. வழக்குகளும் மறு ஆய்வும் நடந்தபின் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. கூட்டு நல்லதா என்பது யார் யாரோடு எதற்காகச் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மனிதர்க்கும் அப்படியே.

“ஏழைகள் ஒழுங்காக மருந்து உண்ண மாட்டார்கள், அவர்களிடம் சொல்லிப் பயனில்லை” என்று பேசுவோர் உண்டு. அவர்களுக்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நம் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த அதே 1956ஆம் ஆண்டில், சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக நல்வாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதனை அமைத்தன. காசநோய்க்கு ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பதால், ஐசோனியாசிட், பாஸ் என்ற இரு மருந்துகளைச் சேர்த்து ஓராண்டு கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மறு பகுதியினர் சென்னையின் நெருக்கடி மிகுந்த ஏழைக் குடியிருப்புகளில் தம் வீட்டிலிருந்தே மருந்து உண்டார்கள். பலர் வேலைக்கும் சென்றார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது: வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. அதன் பின்னரே உலக நாடுகள் காசநோயாளியை வீட்டிலிருந்தே குணப்படுத்தத் துணிந்தன. அந்த வெற்றியைத் தந்தது மருந்து மட்டுமன்று. நலப்பணியாளர்கள் குடிசைக்குள் சென்று, மாத்திரை உண்டார்களா என்று கேட்டு, பார்த்து, எழுதினார்கள். 1929இல் வாசற்படி ஏற மறுத்த மருத்துவத்தையும், 1956இல் குடிசைக்குள் நுழைந்த மருத்துவத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏழையால் முடியும், மருத்துவம் அவனைத் தேடி வந்தால், அவனும் அதனைத் தேடிச் சென்றால்.

மருத்துவமனைக்குச் சென்றால் அரை நாள் கூலி போய்விடுகிறதே என்பது நியாயமான குறை. அதை நான் மறுக்கவில்லை. வரிசையில் நிற்பதும், சில இடங்களில் முகம் கொடுத்துப் பேசாமையும் நாம் அறிந்தவையே. அதற்கு விடை மருத்துவமனையை விலக்குவதன்று, ஒன்றாகச் செல்வது. ஆகவே இச்சங்கத்திற்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிற்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, யார் எப்போது எந்த மாத்திரை எத்தனை நாள் உண்டார் என்பதை அவ்வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதி வரட்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்த நோட்டும் செல்லட்டும். இரண்டாவது, படித்த இளைஞர்கள் முறைவைத்து, முதியோரையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்று, மருத்துவர் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு அதுவே. மூன்றாவது, நோயே வராமல் காக்கும் ஊசிகளைத் தவறவிடாதீர்கள். நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான காப்பை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நியுமோகாக்கஸ் தடுப்பூசியும் 2021 முதல் நம் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கத்தியவார் ஆசிரியரின் மனைவியைக் கொண்டுபோன நோய்க்கு எதிராக நம் குழந்தையின் தொடையில் ஏறும் அந்த ஊசி, நம் நூற்றாண்டின் பெரும் வெற்றிகளுள் ஒன்று.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் மருந்து வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு உள்ள அட்டைகளைத் தனியே எடுங்கள். காலாவதி நாளைப் படியுங்கள். யார் சீட்டில் எழுதி வாங்கியது என்று பெற்றோரிடம் பணிவோடு கேளுங்கள். விடை இல்லாத அட்டையை எவரும் விழுங்க விடாதீர்கள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம்.